கோழி கிண்டிய பக்கம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரைக் கோழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கோழி வளர்த்தவர் இல்லை. கோழி மாதிரி நடப்பவரும் இல்லை. அது பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வைத்த பெயர். அவருடைய கட்டுரையை வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, "இதை இந்தப் பொண்ணு எழுதலை. குப்பைமேட்டுல கோழி கிண்டிட்டுப் போயிருக்கு" என்றார் அந்த வாத்தியார். வகுப்பு சிரித்தது. கடல் உப்பாக இருக்கும்போது மழை ஏன் உப்பாக இல்லை என்பது கட்டுரையின் தலைப்பு. உப்புப் போட்டுக் கொதித்த பாத்திரத்தின் மூடியில் திரண்டிருந்த நீரை நக்கிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து யோசித்து எழுதியிருந்தார் அந்தச் சிறுமி. வாத்தியார் அதைப் படிக்கவே இல்லை. எழுத்து அழகாயில்லாதபோது அதற்குள் அறிவு மட்டும் எங்கிருந்து வரும் என்பது அவருடைய தீர்மானம்.

அந்த எழுத்து ஏன் அப்படியானது என்றும் யாரும் கேட்கவில்லை. அவர் பிறவியிலேயே இடதுகைக்காரர். கரண்டி பிடித்ததும் பந்து எறிந்ததும் இடது கையால்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பென்சிலை இடது கையில் எடுத்தால் ஸ்கேலின் விளிம்பு விரல் கணுக்களில் விழும். இடது கையால் எழுதுவது மரியாதையில்லையாம். யாருக்கு மரியாதையில்லை, காகிதத்துக்கா, பென்சிலுக்கா? இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. வலது கைக்கு மாற்றினார்கள். அந்தக் கை கடைசிவரை பழகவில்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, வரி கீழே சரிந்தது. பள்ளி இறுதித் தேர்வில் திருத்தியவர் விடைத்தாளின் மேல் "படிக்க முடியவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார். ஒரு குழந்தையின் கையைக் கெடுத்தவர்களும், கெட்ட கையைக் காட்டி அந்தக் குழந்தையை வெளியே தள்ளியவர்களும் ஒரே கூட்டத்தார்தான். அவர்களில் ஒருவருக்கும் ஒரு நாள் தூக்கம் கெட்டிருக்காது.

சலவைக்கூடத்தில் சேர்ந்த அன்று வருகைப் பதிவில் பெயர் எழுதினார். பக்கத்தில் நின்ற மடிப்பு மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோழி கிண்டின மாதிரி இருக்கு?" என்றார்.

"பரவாயில்லையே, பேரைச் சரியாப் படிச்சிட்டீங்க. கோழின்னே கூப்பிடுங்க. பழகின பேருதான்."

அடிக்க எடுத்த கல்லைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வது அவருக்கு அப்போதே கைவந்திருந்தது.

அந்தச் சலவைக்கூடத்துக்கு நாலைந்து மருத்துவமனைகளின் துணி வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சைக் கூடத்துப் பச்சை அங்கிகள். ஒரு கோடியில் அழுக்கு மூட்டைகளை அவிழ்ப்பார்கள். நடுவே துவைக்கும் இயந்திரங்கள். மறு கோடியில் ரோலர் என்று எல்லோரும் சொல்லும் உருளை இஸ்திரி இயந்திரம். ஆள் உயரத்துக்கு அகலமான சூடான உருளைகள் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துக் கொடுத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு, காய்ந்து தட்டையாகப் பின்பக்கம் தள்ளும். சன்னல்கள் எப்போதும் ஆவியில் வெளுத்திருக்கும். தரை எப்போதும் ஈரம். அங்கே வேலை செய்பவர்களின் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். அப்படிப்பட்ட விரல்களால் பேனா பிடித்து, ஆவி படிந்த காகிதத்தில் எழுதினால் மை பரவும்.

அதனால் எழுத்து வேலை எதுவானாலும் மடிப்பு மேசைக்காரரிடம்தான் போகும். அவருக்கு அச்சு என்று பெயர். அவருடைய எழுத்து அச்சில் கோத்ததுபோல இருக்கும். விடுப்புக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் கடிதம், குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு எழுதும் முறையீடு, எல்லாவற்றையும் தேநீர் இடைவேளையில் அச்சுதான் எழுதுவார். சொந்தப் பெயருக்கு மேல் எழுதாதவர்களும் அங்கே உண்டு. கிழிந்த சட்டையைத் தையற்காரரிடம் கொடுப்பதைப் போலத்தான் அது. யாரும் அதை ஏமாற்று வேலையாக நினைத்ததில்லை.

"உங்க கையெழுத்துக்கு நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவருண்ணே" என்று யாராவது சொன்னால் அச்சு சிரிப்பார்.

"எங்கேயோ இருக்கேனே. மடிப்பு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன், இப்ப இந்தப் பக்கம் வந்துட்டேன்."

மூட்டைகளுக்குச் சீட்டு அச்சிட எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட பெண் பிரசவத்துக்குப் போனபோது கோழியக்காவை அங்கே உட்காரவைத்தார்கள். முதலில் ஒற்றை விரலால் தட்டினார். சில வாரங்களில் இரண்டு கையும் இறங்கின. விசைப்பலகை அவரிடம் நீ இடதா, வலதா என்று கேட்கவில்லை. பாதி எழுத்தை இந்தக் கைக்கும் பாதி எழுத்தை அந்தக் கைக்கும் பிரித்துக் கொடுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் எழுதிய ஒரு வரியை அடுத்தவர் தடுமாறாமல் வாசிப்பதைக் கோழியக்கா பார்த்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார்: "நான் எழுதினதைப் படிச்சிட்டு ஒருத்தன் என்கூடச் சண்டைக்கு வந்தான்டி. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா!"

அவர் அடித்தது பணிமாற்றக் குறிப்பு. காலை ஆட்கள் போய் மாலை ஆட்கள் வரும்போது எந்த இயந்திரத்தில் என்ன கோளாறு, எந்த மூட்டை யாருக்கு அவசரம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுவரை வாயால் சொன்னார்கள், இல்லையென்றால் ஈரக் காகிதத்தில் கிறுக்கி ஒட்டினார்கள். கோழியக்கா அடித்து அச்சிட்டுச் சுவரில் மாட்டினார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தால் மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இனிமேல் வரும் எல்லாச் சண்டைக்கும் காரணம் ரோலரின் கம்பிதான். துணியை உள்ளே இழுக்கும் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். துணியோடு விரலும் போனால் விரல் அந்தக் கம்பியில் இடிக்கும். இடித்த உடனே உருளை நின்றுவிடும். ஆனால் தடித்த விரிப்பு வந்தாலும் கம்பி இடிபட்டு உருளை நிற்கும். திரும்ப ஓடவிட நேரம் பிடிக்கும். அதனால் கம்பியைப் பின்னால் தள்ளி ஒரு கிழிந்த துணியால் கட்டிவைத்துவிடுவது அங்கே நெடுநாள் வழக்கம். கட்டினால் உருளை எதற்கும் நிற்காது. ஒரு நாள் சின்னக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் விரல்கள் விரிப்போடு உள்ளே போய்விட்டன. உருளை நிற்கவில்லை. இயந்திரங்களுக்கு ஆவி தரும் பாய்லரைக் கவனிக்கும் பாய்லர்காரர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் வெந்துவிட்டன. இன்றைக்கும் சின்னக்காவால் அந்தக் கையால் ஒரு பொத்தானைப் போட முடியாது. "கவனமா இருக்கணும்மா" என்றார் முதலாளி. கட்டியிருந்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ரோலரை நிறுத்தும் அதிகாரம் அந்தக் கூடத்தில் மேற்பார்வையாளருக்கு மட்டும்தான் உண்டு. அன்றிலிருந்து கோழியக்கா அந்தப் பதவியின்மேல் கண் வைத்தார். அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. பழைய மேற்பார்வையாளர் உடம்பு முடியாமல் நின்றுவிட, "ஆள் போடுற வரைக்கும் நீ பார்த்துக்க" என்றார் முதலாளி. கோழியக்கா முதல் காரியமாகக் கத்தரிக்கோலை எடுத்துப்போய்க் கம்பியைக் கட்டியிருந்த துணியை வெட்டினார். பிறகு உட்கார்ந்து ஒரு வரி அடித்து ரோலருக்கு மேலே ஒட்டினார்: "இந்தக் கம்பியைக் கட்டினால் ரோலர் ஓடாது."

வேலை கொஞ்சம் மெதுவானது உண்மைதான். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் யாருடைய விரலும் வேகவில்லை.

அப்போதுதான் எழுத்து நிபுணர் வந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை; யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர், அவ்வளவுதான். அதனால் ஊருக்கு விளையும் கேடு கெட்டவர்களால் விளைவதைவிடக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏதோ ஒரு விருந்தில் இந்த நிபுணரைச் சந்தித்திருக்கிறார். ஒரு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தால் அந்த ஆள் நாணயமானவரா, தலைமை தாங்குவாரா, பொய் சொல்வாரா என்று சொல்லிவிடுவாராம். முதலாளியின் கையெழுத்தில் கடைசிக் கோட்டை மேல்நோக்கி இழுக்கச் சொன்னாராம். இழுத்த சில மாதங்களில் புதிதாக இரண்டு மருத்துவமனைகளின் துணி வந்துவிட்டதாம். அதே மாதங்களில் பக்கத்துத் தெருவிலிருந்த இன்னொரு சலவைக்கூடம் தீப்பிடித்து மூடப்பட்டதை முதலாளி கணக்கில் சேர்க்கவில்லை. நாள் பார்த்தவனும் ரேகை பார்த்தவனும் பழைய சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால், படித்தவர்கள் எழுந்து நாற்காலி போடுகிறார்கள்.

மேற்பார்வையாளர் பதவிக்கு யாரைப் போடுவது என்று நிபுணர் சொல்லப்போகிறார், ஆகவே எல்லோரும் "என் வேலை" என்ற தலைப்பில் ஒரு பக்கம் கையால் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். கோழியக்காவும் வலது கையால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் முழுக்க ரோலரின் கம்பியைப் பற்றித்தான்: ஏன் கட்டக் கூடாது, தடித்த விரிப்புகளைத் தனியாகப் பிரித்துக் கடைசியில் ஓட்டினால் கம்பி எப்படி இடிபடாது, அதனால் வேலை எப்படித் தாமதமாகாது என்று எழுதியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வந்தது. நிபுணர் தன் தீர்ப்புகளைக் கணினியில் அடித்து, ஓரத்தில் பூவெல்லாம் போட்டு அனுப்பியிருந்தார். தன் குணத்தை ஊருக்குக் காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.

கோழியக்காவின் தாளில் இருந்தது இது: "எழுத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒளிவுமறைவான மனம். பிடிவாதம் அதிகம். பொறுப்பான பதவிக்கு ஏற்றவர் அல்லர்."

தாளை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனார்.

"நான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சீங்களா சார்?"

"எங்கம்மா படிக்கிறது? அதான் கண்ணுலயே நிக்க மாட்டேங்குதே."

"சரி, அதையே அடிச்சுத் தரேன். இப்பவே."

"அடிச்சா எப்படி? கம்ப்யூட்டர்ல அடிச்சா எல்லார் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். ஆளோட குணம் எப்படித் தெரியும்?"

"ஒரே மாதிரி இருந்தா நல்லதுதானே சார்? அப்ப வேற வழியில்லாம, என்ன எழுதியிருக்குன்னு படிப்பீங்க."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "பிடிவாதம் அதிகம்னு சும்மாவா எழுதியிருக்கார்? இங்க பாரு, அவர் இங்க எல்லாருக்கும் பயிற்சி தரப்போறார். தினமும் ஒரு பக்கம் எழுது. எழுத்து திருந்தினா மனசும் திருந்துமாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

"என் மனசுக்கு ஒண்ணும் ஆகலை சார். கைக்குத்தான் ஆச்சு. அதையும் இவரை மாதிரி ஒருத்தர்தான் திருத்துறேன்னு கெடுத்தார்."

பதவி பாய்லர்காரருக்குப் போனது. "இயல்பான தலைவர். உறுதியும் நேர்மையும் கொண்ட எழுத்து" என்று அவர் தாளில் இருந்தது. அவர் நல்ல மனிதர். சின்னக்காவின் கையை ரோலரிலிருந்து எடுத்தவர். ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அன்று சாயங்காலம் மகள் மாவு விற்கும் கடையில் தன் வேலையை முடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் தாளைப் படித்துவிட்டுக் கொதித்தாள்.

"உனக்கென்ன தலைவிதியா? நீயும் அந்த அச்சு மாமாகிட்டக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கலாம்ல?"

"என் வேலையைப் பத்தி என்னைத்தானேடி எழுதச் சொன்னாங்க."

"ஆமா, பெரிய இவ! மத்தவங்க எல்லாம் அவர்கிட்டதானே போயிருப்பாங்க? லீவு லெட்டருக்கே அவர்கிட்டப் போற ஆளுங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கோழியக்காவின் கை நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்லை. உன்னைப் படிக்கவச்சது வீண்போகலை."

மறுநாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தங்கள் தாள்களை உரக்கப் படித்து ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அழுக்கு மூட்டை அவிழ்ப்பவருக்கு "கலையுள்ளம்". ரோலரில் நிற்கும் ஒருவருக்கு "சோம்பல், பிறர் உழைப்பில் குளிர்காய்பவர்".

"அப்ப இத்தனை நாள் ரோலர்ல குளிர்காஞ்சுக்கிட்டா இருந்தேன்? சொல்லவே இல்லையே!"

"ஏய் கலையுள்ளம், அந்த அழுக்கு மூட்டையில ஒரு படம் வரைஞ்சு காட்டேன்!"

கோழியக்கா ஒரு மூலையில் நின்று கேட்டார்: "உன் பக்கத்தை யாரு எழுதினா?"

"அச்சண்ணன்தான்."

"உன்னோடது?"

"அவர்தான். பின்னே நானா?"

சின்னக்காவுக்கும் அச்சுதான் எழுதியிருந்தார். சின்னக்காவால் பேனாவே பிடிக்க முடியாது. அவருடைய தாள், "வலிமையான பிடி. எதையும் எளிதில் விடமாட்டார்" என்றது. சின்னக்கா தன் மரத்த விரல்களைத் தூக்கிக் காட்டினார். கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் அச்சுவின் கைதான். ஒரே பேனா, ஒரே கை, ஒரே வாரம். ஆனால் ஒருவர் தலைவர், ஒருவர் சோம்பேறி, ஒருவர் கலைஞர், ஒருவர் பேராசைக்காரர்.

"உங்களோடது என்னண்ணே சொல்லுது?" என்றார் கோழியக்கா.

அச்சு தன் தாளை மெதுவாகப் பிரித்தார். "'சுயமாகச் செயல்படத் தெரியாதவர். பிறரை அண்டி வாழ்பவர்.'" படித்துவிட்டுத் தாளை மடித்தார். "ஊருக்கெல்லாம் ஒரு குணம் வாங்கிக் கொடுத்துட்டு, எனக்குன்னு வரும்போது கடையில சரக்குத் தீர்ந்துபோச்சு."

பாய்லர்காரர் ஒரு ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பக்கத்தையும் அச்சுதான் எழுதினார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. அவரே பேசினார்.

"முதலாளி கம்பியைக் கட்டச் சொல்லிட்டாருக்கா. காலையில கூப்பிட்டு, முதல் வேலை அதுதான்னாரு."

"கட்டிட்டீங்களா?"

கோழியக்கா எழுந்துபோய் ரோலரைப் பார்த்துவிட்டு வந்தார். கம்பி பின்னால் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த வரி கிழிக்கப்பட்டிருந்தது.

"நாளைக்கு அந்த நிபுணர் வராரு. நான் கேக்கப்போறேன்" என்றார்.

"கேளு தாயி. ஆனா நான் எழுதினதுன்னு தெரிஞ்சா முதல்ல போறது என் வேலை" என்றார் அச்சு. "எழுதி வாங்கினவங்களுக்கும் சிக்கல். வேற ஆள் கையில எழுதிக் கொடுத்து ஏமாத்தினாங்கன்னு சொல்லிடுவாரு."

"யார் பேரையும் நான் சொல்ல மாட்டேண்ணே. எனக்கு வேண்டியது கம்பி. உங்க தலையைக் கொடுத்துத்தான் அதை வாங்கணும்னா, அது எனக்கு வேண்டாம்."

மறுநாள் மடிப்பு மேசைகளைத் தள்ளிவைத்து எல்லோரையும் உட்காரவைத்தார்கள். நிபுணர் மெலிந்த, நல்ல நறுமணம் வீசுகிற மனிதர். கணினி வந்ததிலிருந்து மனிதர்கள் ஆன்மாவை இழந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். கையால் எழுதும்போது இதயம் பேனாவின் வழியே இறங்குகிறது என்றார். விசையைத் தட்டுகிறவரின் எழுத்தில் ஆளே இல்லை என்றார். முதலாளி கண்ணை மூடித் தலையாட்டினார்.

கையால் எழுதுவது நல்ல காரியம்தான். அச்சுவின் எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் குளிரும். ஆனால் ஒரு நல்ல காரியத்தைத் தராசாக்கி, அதில் மனிதர்களை ஏற்றி நிறுத்தி, இவர் நேர்மையானவர், இவர் திருடர் என்று பிரிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கோழியக்கா எழுந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார். அந்தப் பக்கங்களையெல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா?"

"இதோ இருக்கே." நிபுணர் தாள்கள் இருந்த கோப்பைத் தட்டிக் காட்டினார்.

"பேர் இருக்கிற மேல்பாகத்தை மடிச்சு மறைச்சிட்டு, கலைச்சுப் போட்டு, நாலஞ்சை எடுத்துத் திரும்பப் படிச்சுச் சொல்லுங்களேன். போன தடவை சொன்னதையேதான் இந்தத் தடவையும் சொல்வீங்களான்னு பார்க்க ஆசை."

நிபுணர் புன்னகைத்தார். "இது கண்கட்டு வித்தை இல்லை அம்மா. இது ஒரு சாஸ்திரம். சோதிச்சுப் பார்க்கிறவங்களுக்கு அது பிடிபடாது."

"சோதிச்சா பிடிபடாதுன்னா, சோதிக்காம மட்டும் எப்படி சார் பிடிபட்டுச்சு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் திறந்தார்.

"உட்காரும்மா! உனக்குப் பதவி கிடைக்கலைங்கிற பொறாமை. அவருக்குக் கிடைச்சுது, ஏன்? அவர் எழுத்தைப் பார்த்தாலே நேர்மை தெரியுது."

கோழியக்கா வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு இருந்தது. நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

பாய்லர்காரர் எழுந்தார். எழுந்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நேர்மை என்னோடது இல்லைங்க ஐயா."

"என்னய்யா உளர்றே?"

"எனக்கு எழுதவே வராதுங்க. பேர் மட்டும் போடுவேன். அந்தப் பக்கத்தை வேற ஒருத்தர்கிட்டச் சொல்லி எழுதி வாங்கினேன். யாருன்னு சொல்ல மாட்டேன்."

அச்சு பெருமூச்சு விட்டு எழுந்தார். "அதுல என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு? நான்தான் சார் எழுதினேன்."

"எனக்கும் அவர்தான்" என்றார் சின்னக்கா. "எனக்கும்." "எனக்கும் அவர்தாங்க, அந்தக் கலையுள்ளம்." "சோம்பேறியும் அவரேதான் சார்!" சிரிப்பும் நாற்காலி நகரும் சத்தமுமாகக் கூடம் கலகலத்தது.

முதலாளி மேசையைக் குத்தினார். "எல்லாருமாச் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"ஆமா சார்" என்றார் கோழியக்கா. "ஒரே ஆள் எழுதிக் கொடுத்து, இத்தனை பேர் ஏமாத்தியிருக்கோம். பொய்யைக் கண்டுபிடிக்கிறவர் இவர். எழுதினது ஒரே கைன்னுகூட இவருக்குத் தெரியலையே! உங்களை ஏமாத்தினது நாங்களா, இவரா?"

நிபுணர் அந்தத் தாள்களை எடுத்துப் பையில் வைத்தார். கூட்டாக எழுதப்பட்ட எழுத்துகளின் அதிர்வு வேறு என்று ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. வாசலில் வைத்திருந்த அவருடைய குடையைச் சின்னக்கா எடுத்துக் கொடுத்தார், மரத்த கையால்.

முதலாளியின் கோபம் தீரவில்லை. எல்லோரும் கையால் மன்னிப்பு எழுதித் தந்துவிட்டுத்தான் நாளைக்கு வேலையில் கை வைக்க வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார்.

"வரிசையில வாங்கப்பா" என்றார் அச்சு. "யார் யாருக்கு எப்படிப்பட்ட மன்னிப்பு வேணும்?"

ஆனால் யாரும் எழுதவில்லை. மறுநாள் காலை எல்லோரும் வந்தார்கள், சீருடை மாட்டினார்கள், இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பாய்லர்காரர் மேற்பார்வையாளர் அடையாள அட்டையைக் கழற்றி முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்து, தன் பாய்லருக்கு முன்னால் நின்றார், பின்னால் போகவில்லை. வாசலில் மருத்துவமனை வண்டிகள் ஒலி எழுப்பின. முதலாளி தன் அறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை வெளியே வந்து கோழியக்காவிடம் நின்றார்.

"ரோலரை ஓட்டச் சொல்லு. தற்காலிகமா நீயே பார்த்துக்க."

"தற்காலிகமா எல்லாம் பார்க்க மாட்டேன் சார். கம்பி கட்டியிருக்கிற வரைக்கும் ஓட்டவும் சொல்ல மாட்டேன்."

"உனக்கு என்னதான்மா வேணும்?"

"அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன்."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சரி, அடிச்சுக் கொண்டா."

கோழியக்கா எடை மேடைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கைகளும் இறங்கின. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த அதே சொற்கள், ஒன்றுகூடக் கூட்டவில்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்தார்: பதவி நிரந்தரமாக வேண்டும், கம்பியைப் பற்றிக் கடைசிச் சொல் மேற்பார்வையாளருடையதாக இருக்க வேண்டும். அச்சிட்ட தாளை முதலாளி நின்ற இடத்திலேயே வாங்கிப் படித்தார். மேலோட்டமாகப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். சாய்வு இல்லை, சுழி இல்லை. படித்துத்தான் ஆக வேண்டும். நடுவில் நின்று, "தடிச்ச விரிப்பைத் தனியாப் பிரிச்சா தாமதம் ஆகாதா?" என்று கேட்டார்.

"ஆகாது சார். ஓட்டிப் பார்த்தே எழுதியிருக்கேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

கோழியக்கா அவரைப் பார்த்தார். முதலாளி கண்ணைத் தாழ்த்தி மேலும் படித்தார். சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவை எடுத்து, தாளின் அடியில் கையெழுத்திட்டார். பழக்கத்தில் கடைசிக் கோட்டை மேலே இழுக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டார்.

"நீயும் போடு."

கோழியக்கா பேனாவை வாங்கி இடது கைக்கு மாற்றினார். இத்தனை வருடமாக அந்தக் கையில் பேனா பிடித்ததில்லை. எழுத்து கோணலாகத்தான் விழுந்தது, கோழி கிண்டியதைவிட மோசமாக. யாரும் சிரிக்கவில்லை.

பாய்லர்காரர் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். கட்டியிருந்த துணியை வெட்டிக் கம்பியை முன்னால் இழுத்தார்கள். "விசையைப் போடுங்க" என்றார் கோழியக்கா. உருளைகள் சுழலத் தொடங்கின. இடது கையை விரித்துக் கம்பியில் தட்டினார். ரோலர் நின்றது. திரும்பப் போடச் சொன்னார். தட்டினார். நின்றது. சின்னக்காவைக் கூப்பிட்டு, "நீ தட்டு" என்றார். சின்னக்கா மரத்த விரல்களால் தட்டினார். நின்றது.

"வேலை செய்யுதுக்கா. போதும், வண்டி நிக்குது" என்றார் பாய்லர்காரர்.

"போடுங்க. இன்னொரு தடவை" என்றார் கோழியக்கா.